குட்டைத் தட்டுக்கு ஏற்ற ஹிட்ச்

குட்டைத் தட்டுப் பிக்கப் வண்டிக்கு ஹிட்ச் தெரிவு செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. அளவு நாடாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். பொறுமைக்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை. மிட்சம் பக்கத்து வேலைத்தலம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் செய்தேன். நான் பூட்டிய ஒன்று கழன்றது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

தேத்தண்ணீருக்கு நன்றி. பால் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க வந்திருக்கும் பிள்ளை பிரீத்தா மதுரைப் பக்கமாம். நான் வாயைத் திறந்து இரண்டு வசனம் சொன்னதுமே, "சார், கொஞ்சம் மெதுவா, எனக்குப் புரியற மாதிரி" என்றார். என் யாழ்ப்பாணத்துப் பேச்சு அவருக்கு ஓடவில்லை. ஆகவே பத்திரிகையில் எழுதுவதுபோல் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே சொல்வேன். அதை மாற்றினால் பொய்யாகிவிடும். பொய் சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை.

என் பெயர் ஆனந்தராஜா. கோலியர்ஸ் வுட்டில் சொந்த வீடு. மனைவி பாலாம்பிகை காலமாகிவிட்டாள். ஒரே மகள் தக்ஷிகா. மருமகன் கீர்த்தனன். அவருடைய வழக்கு விஷயமாகத்தான் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஹிட்ச். வண்டியையும் ட்ரெய்லரையும் பிணைக்கும் இரும்புதான் அது. சின்ன ட்ரெய்லருக்கு வண்டியின் வாலில் இருக்கும். பெரிய ட்ரெய்லர்கள் சிலவற்றுக்குக் கழுத்து உண்டு. அந்தக் கழுத்து நீண்டு வந்து பிக்கப்பின் பின்தட்டுக்கு மேலேயே உட்காரும். தட்டு நீளமாக இருந்தால் கவலை இல்லை. இரண்டு வரிசை இருக்கை வைத்த வண்டிகளில் ஆட்களுக்கு இடம் கொடுத்துவிட்டுத் தட்டைக் குட்டையாக்கி விடுவார்கள். நேராக ஓடும்வரை ஒன்றும் ஆகாது. ஒடித்துத் திருப்பினால் ட்ரெய்லரின் முன்மூலை வந்து பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் இடிக்கும். இதற்காகவே நகரும் ஹிட்ச் செய்கிறார்கள். ஒரு வகை தானாகவே நகரும். வண்டி திரும்பும்போது அதுவும் பின்னால் போய் இடம் விடும். மற்ற வகையைக் கையால் நகர்த்த வேண்டும். நேர்ச் சாலையில் ஓடுவதற்கு முன்பக்கமாக வைக்க வேண்டும், முடக்கு, அதாவது ஒடித்துத் திரும்பும் இடம், வந்தால் பின்னால் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது தட்டில் ஏறிப் பிடியை இழுத்தாக வேண்டும்.

நான் கையால் நகர்த்துவதைத் தெரிவு செய்தேன்.

"பிடின்னா கைப்பிடியா, சார்?" என்று பிரீத்தா கேட்கிறார். ஓம், பிள்ளை, கைப்பிடிதான். இரும்புக் கைப்பிடி.

பாலாம்பிகை போனபோது தக்ஷிகா பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். விடுதியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் வரச் சொல்லவில்லை. தனியாகச் சமைக்கத் தெரியாது என்று மட்டும் சொன்னேன், அது உண்மை. படிப்பு முடிந்ததும் டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. காலையில் நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பேன், மாலையில் அவள் சமைப்பாள். பிறகு கீர்த்தனனைக் கொண்டு வந்தாள். டூட்டிங் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல்காரர். நல்ல பையன். நான் வேறு விதமாக ஒரு நாளும் சொன்னதில்லை. கலியாணம் முடிந்து இருவரும் என்னோடேயே இருந்தார்கள். மேல் மாடியில் பெரிய அறையை விட்டுக் கொடுத்துவிட்டு நான் சின்ன அறைக்கு மாறினேன். யாரும் என்னை மாறச் சொல்லவில்லை.

போன வருடம் வசந்த காலத்தில் ஒரு மாலை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தக்ஷிகா வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே?"

"நான் எப்ப பிள்ளை கோவிச்சனான்?"

வேல்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் இடம் எடுத்திருக்கிறார்களாம். பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கிக் குசினியாக மாற்றி, கோடை முழுக்கக் கொத்து ரொட்டியும் தோசையும் போடப் போகிறார்களாம். சின்ன வீடு ஒன்றும் வாடகைக்குப் பார்த்தாயிற்று. மாரி காலத்திலும் அங்கேதான். "இஞ்ச மூச்சு முட்டுது அப்பா" என்றாள்.

"சந்தோஷம்" என்றேன்.

அன்றைக்கு நான் பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வீட்டில் ஒரேயொரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை நினைத்தேன். ஆனால் நான் மறிக்கவில்லை. போகாதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. அயலட்டையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். கோவிலில் எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு, பிள்ளைகள் தொழில் தொடங்குகிறார்கள் என்றுதான் சொன்னேன்.

ட்ரெய்லரைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கழுத்து வைத்தது. கீர்த்தனன் வாங்கிய பிக்கப்போ குட்டைத் தட்டு. நிறம் பிடித்திருந்ததாம். பிள்ளைகள் அப்படித்தான் வாங்குவார்கள்.

"மாமா, எது நல்லது எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்றார். குசினி மேசையில் இரண்டு படங்களையும் விரித்து வைத்தேன். அவர் நல்லபடியாகப் பார்த்தார்.

"தானா நகருறது தானே சுகம்? நான் உதுக்குப் புதுசெல்லோ."

"சுகம்தான் தம்பி. ஆனா உள்ளுக்குக் கன சாமான் சுழலுது. கடற்கரை உப்புக் காத்துக்கு இறுகிப் போம். கையால தள்ளுறது உம்மட ஆயுசுக்கும் நிக்கும்."

"ஓம் எண்டிடுங்கோ" என்று தக்ஷிகா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "இல்லாட்டி அப்பா விடியும் வரைக்கும் விளங்கப்படுத்துவார்."

"அப்ப அதையே போடுங்கோ மாமா. உங்களுக்குத் தெரியாததே?"

நான் சொன்னதில் பிழை இல்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னத்தான் செய்யும். எந்த வேலைத்தலத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நேரம் என் மனதில் வேறு எதுவும் இருக்கவில்லை என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நானே பூட்டினேன். இரண்டு சனிக்கிழமைகள் எடுத்தன. வீதியில் தட்டுக்குள் முழந்தாளில் நின்று வேலை செய்யும்போது தக்ஷிகா பக்கத்தில் நின்று ஆணிகளை எடுத்துத் தருவாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான் நிற்பாள். ஹிட்ச் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று புதியவர்களுக்கு இலகுவில் தெரியாது. அவளுடைய நகப்பூச்சை வாங்கி, நகரும் துண்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

"கோடு பின்னுக்கு நிண்டா முடக்கலாம். முன்னுக்கு நிண்டா முடக்கக் கூடாது. முடக்கினா மூலை வந்து கண்ணாடிக்குள்ளால நுழையும்."

"கோடு முன்னுக்கு, முடக்கு இல்லை" என்று இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சேர்ந்து சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் தெரு ஒடுக்கம். இரண்டு பக்கமும் கார்கள். தெருமுனையில் இடப்பக்கம் மட்டுமே திரும்பலாம், அதுவும் நன்றாக ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். ஆகவே இப்படிப் பேசிக்கொண்டோம். புறப்படும் காலையில் ஹிட்சைப் பின்னுக்குத் தள்ளி வைப்பது என் பொறுப்பு. பெரிய ரோட்டில் பெற்றோல் அடிக்கும் இடத்தில் கீர்த்தனன் நிறுத்தி, முன்னுக்கு எடுத்துக்கொள்வார்.

இப்போது ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரீத்தாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும் மாதம். எங்கள் ஆட்கள் அந்த மாதத்தில் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். தக்ஷிகா இந்த ஊரில் பிறந்தவள், ஆனால் இந்த விஷயங்களில் தாயை உரித்து வைத்தவள். தாய் செய்த எதையும் விட மாட்டாள். விட்டால் தாயையே விட்டதாகிவிடும் என்று நினைப்பவள். அவர்கள் புறப்படக் குறித்த நாளுக்கும் ஆடி பிறப்புக்கும் இடையில் சில நாட்கள்தான் இருந்தன. நாள் குறித்துக் கொடுத்தது நான். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்ற ஒரு கிழமையாவது செல்லும். அந்த வண்டிக்கு அந்தக் கண்ணாடி இலகுவில் கிடைக்காது, வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடி முடியக் கடற்கரையில் கோடைச் சனம் கலையத் தொடங்கிவிடும். கவுன்சில் கொடுத்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். பிறகு மாரி, பிறகு அவர்களுக்கே மனம் மாறிவிடும். ஒரு கண்ணாடி. நான் விரும்பியது அவ்வளவுதான்.

பிரீத்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். "கண்ணாடி கிடைக்காதுன்னு எப்படித் தெரியும்? முன்னாடியே விசாரிச்சீங்களா, சார்?"

ஓம், பிள்ளை. முன்னமே விசாரித்தேன். அதை அப்படியே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தக் காலை நல்ல வெயில். இராகு காலம் தொடங்க முன்னம் வண்டி நகர வேண்டும் என்று எல்லோரையும் அவசரப்படுத்தினேன். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியவை சாமிப் படம், உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம். அவற்றைக் காலடியில் வைக்க முடியாது. நான் முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

"அப்ப நான் எங்க இருக்கிறது?" என்று தக்ஷிகா கேட்டாள்.

"சாமியைப் பின்னுக்கு வைக்கிறதே பிள்ளை? நீ பின்னுக்கு இரு."

பின் இருக்கையில் வலப்பக்கம் முழுக்க நான் அரிசி மூட்டையும் சட்டி பானையும் அடுக்கியிருந்தேன். இடப்பக்கம் ஒரு ஆள் இருக்க இடம் இருந்தது. அவள் தாயின் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். என் தோளைப் பிடித்து, "சமைக்காமல் கடைப் பாணைத் திண்டுகொண்டு இருக்காதையுங்கோ. ஆடி முடிய வந்து உங்களையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை நம்பவில்லை. ஆட்கள் போகும்போது ஆயிரம் சொல்வார்கள்.

"போட்டு வாறம் அப்பா."

"ஓம், போட்டு வாங்கோ."

நான் தட்டில் ஏறிப் பிடியில் கையை வைத்தேன். பிறகு இறங்கினேன். கீர்த்தனன் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார். நான் கையைக் காட்டினேன். வண்டி புறப்பட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னால் கூப்பிடக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். திறப்பை, அதாவது சாவியை, மறந்துவிட்டுப் போனாலும் பின்னால் ஓடிப் போய்க் கொடுப்போமே தவிர, கூப்பிட மாட்டோம். நான் சிறு வயதிலிருந்து அப்படியே இருந்தவன். அன்றைக்கும் நான் கூப்பிடவில்லை.

தெருமுனையில் கீர்த்தனன் நிதானமாகத்தான் திருப்பினார். அவர் வேகமாக ஓட்டினார் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. அந்த ட்ரெய்லருக்கு நல்ல பாரம், தெருவோ இறக்கம். பிறேக் பிடித்த பிறகும் அது தள்ளிக்கொண்டே வந்தது. சத்தம் பெரிதாக இருக்கவில்லை. கண்ணாடி உடைந்த சத்தம், அதற்குப் பிறகு இரும்பு மடங்கும் சத்தம். பிறகு கீர்த்தனன் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் முன்பு கேட்டதில்லை.

அவள் கழுத்தில் தகடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தலை இந்தப் பக்கமும் திரும்பாது, அந்தப் பக்கமும் திரும்பாது. அவளோடு கதைக்க வேண்டுமானால் முன்னால் வந்து நிற்க வேண்டும். கால்கள் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். கைகள் மேசை வரைக்கும் எழும்பும், கரண்டியைப் பிடிக்காது.

மருத்துவமனையிலிருந்து மாசி மாதம் வீட்டுக்கு வந்தாள். முன் அறையில் கட்டில் போட்டோம். பெனிபிட், கவுன்சில் ஆட்கள், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை, எல்லாவற்றையும் நானே அலைந்து செய்தேன். காலையில் முகம் துடைத்துவிட்டுத் தேத்தண்ணீர் பருக்குவேன். மத்தியானம் புட்டைப் பாலில் நனைத்துக் குழைத்துச் சின்னச் சின்னதாக ஊட்டுவேன். சின்னதில் ஊட்டியதுபோலத்தான். ஜன்னலால் வெயில் வரும், அவளுடைய தலைமயிரை வாரிப் பின்னிவிடுவேன். பின்னல் போட எனக்குத் தெரியாது, கற்றுக்கொண்டேன். நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. ஆனால் உண்மையைச் சொல்ல வந்தவன் முழுவதையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்கள் எனக்குக் கெட்ட மாதங்களாக இருக்கவில்லை.

கீர்த்தனன் மீது நீங்கள் வழக்குப் போட்டீர்கள். கவனமின்றி ஓட்டிப் படுகாயம் விளைவித்ததாக. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தானே ஹிட்சைப் பார்த்திருக்க வேண்டும், தான்தானே சாரதி என்று சொன்னாராம். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவள் கிடந்த முன் அறையைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை, டூட்டிங்கில் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருந்தார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து அவள் முன்னால் முழந்தாளில் இருந்து கதைப்பார். ஒரு நாள் அவர் அவளிடம் சொன்னது குசினிக்குக் கேட்டது.

"மாமாவுக்கு வயசு. அண்டைக்கு அவசரத்தில மறந்திருப்பார். பாவம், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். அவரை உதுக்குள்ள இழுக்க வேண்டாம்."

தக்ஷிகா பதில் சொன்னது கேட்கவில்லை. நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தவில்லை.

போன கிழமை மத்தியானம். குழைத்த புட்டைக் கொண்டுபோய் முன்னால் உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டியால் இன்னும் கொஞ்சம் பால் விட்டுக் குழைத்தேன்.

"என்ன பிள்ளை, உப்புக் குறைவே?"

"சிவப்புக் கோடு முன்னுக்கு நிண்டது அப்பா."

நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன்.

"நான் பின்னுக்குத் திரும்பி உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் பிடியில கை வைச்சியள். இழுக்கேல்லை. கோடு முன்னுக்கே நிண்டது. நான் பாத்தனான்."

"அப்ப ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் கையைக் காட்டினியள். அப்பா கையைக் காட்டினாச் சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் கோடு மாறித் தெரியுது எண்டு நினைச்சன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வேறு பக்கம் பார்க்க முடியாது. எழும்பி விலக வேண்டியவன் நான்தான், எனக்கு எழும்ப முடியவில்லை.

"பிறகும் சொல்லேல்லையே பிள்ளை. இவ்வளவு நாளும்."

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒவ்வொரு வாயும் ஊட்டேக்க, இப்ப சொல்லுவியள், இப்ப சொல்லுவியள் எண்டு. கீர்த்தனனுக்குத் திங்கட்கிழமை தண்டனை. அதுக்கு முன்னம் போய்ச் சொல்லுங்கோ. நான் போய்ச் சொன்னா எனக்கு அப்பா இல்லாமல் போயிடும். நீங்களாச் சொன்னாக் கொஞ்சமெண்டாலும் மிஞ்சும்."

அன்றிலிருந்து அவள் என் கையால் சாப்பிடவில்லை. கவுன்சிலிலிருந்து வரும் பெண் ஊட்டினால் சாப்பிடுகிறாள். அந்தப் பெண் சூடு பார்க்காமல் ஊட்டுகிறாள். நான் சொல்லிப் பார்த்தேன், தக்ஷிகா அதுவே போதும் என்கிறாள். புட்டைச் செய்துகொண்டு போய் வைப்பேன், அப்படியே இருக்கும், எடுத்துக்கொண்டு வருவேன். நேற்றும் செய்தேன்.

இன்று காலை நான் சட்டை மாற்றிக்கொண்டு வரும்போது அவள் எல்லாவற்றையும் கீர்த்தனனுக்குச் சொல்லி முடித்திருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், பதில் வைத்திருந்தேன். அவளை வாகனத்தில் ஏற்றினார், நாற்காலியை மடித்து வைத்தார். எனக்கு மற்றக் கதவைத் திறந்துவிட்டார். வழி முழுக்க ஒரு தடவையும் மாமா என்று கூப்பிடவில்லை. எனக்கு அது சுட்டது. இந்த வயதிலும் சுடுகிறது.

நீங்கள் நேரடியாகக் கேட்கிறீர்கள், நானும் நேரடியாகச் சொல்கிறேன். கீர்த்தனன் கண்ணாடியை இறக்கிக் கேட்டது, "மாமா, பின்னுக்குத் தள்ளியாச்சோ?" என்பதுதான். நான் கையைக் காட்டியது மட்டுமல்ல. வாயாலும் சொன்னேன். "ஓம், தள்ளியாச்சு. நிண்டு பாக்காதையும், இராகு காலம் தொடங்கப் போகுது, போம்" என்றேன். தள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். மறதி இல்லை, வயதும் இல்லை. எனக்கு நல்ல ஞாபகம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அந்த இடத்தில் அவளை இருத்தியது நான். தக்ஷிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து, பஸ் என்றாலும் கார் என்றாலும், முடக்குத் திரும்பும் வரை பின்னால் திரும்பி எனக்குக் கை காட்டுவாள். கலியாணம் முடிந்து கோவிலிலிருந்து போகும்போதும் அப்படித்தான் காட்டினாள். ஆகவே, ஓம். அவளுடைய முகம் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்ததை நான் பார்க்கவும் செய்தேன். வண்டி மெதுவாகத்தான் போனது. கூப்பிட நேரம் இருந்தது. முடக்கில் இறங்க முன்னம் நான் நில்லுங்கோ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் கீர்த்தனன் நிறுத்தியிருப்பார். அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

கீர்த்தனன் மீது எந்தக் குற்றமும் இல்லை. அதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு எழுதலாம்.

ஒரேயொரு விஷயம். அவர்கள் மறுபடியும் வேல்ஸுக்குப் போகப் போகிறார்களாம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு அங்கே கிடைத்திருக்கிறதாம். இரவில் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கவும், புட்டை எவ்வளவு நனைக்க வேண்டும் என்றும் எனக்குத்தான் தெரியும். இதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது. அவள் யோசிப்பாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவளை நாற்காலியில் தள்ளிக்கொண்டு உங்கள் வாசல் வரை வந்துதான் என்னை விட்டார்கள். அவள் முன்னால் நான் போய் நின்றேன். "போறம் அப்பா" என்றாள். எங்கள் ஆட்கள் போட்டு வாறம், அதாவது போய் வருகிறோம், என்றுதான் சொல்வார்கள். களைப்பில் அப்படி வந்திருக்கும். கீர்த்தனன் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார். அவர்கள் வாகனத்தடிக்குப் போவதற்கு முன் நான், "தக்ஷி" என்று கூப்பிட்டேன். போகிற ஆளைப் பின்னால் கூப்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவையும் கூப்பிட்டேன், உரக்க. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். கீர்த்தனன் நின்றார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி தள்ளத் தொடங்கினார்.

அவளுக்குக் கழுத்துத் திரும்பாது என்று முன்பே சொன்னேன் அல்லவா. அதனால்தான் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.